நாற்பத்திரண்டு வீட்டுப் பந்தல்

கம்பம் பள்ளத்தாக்கில், நான்கு பக்கமும் திராட்சைப் பந்தல்கள் சூழ்ந்த இடத்தில், பன்னிரண்டடி மதில் எழுப்பி, மதிலின் மேல் மின்கம்பி ஓட்டி, கம்பிக்கு மேல் கேமரா வைத்து, ஒரே ஒரு வாசல் விட்டு, அந்த வாசலில் பவுன்ராஜ் என்ற காவலாளியையும் உட்காரவைத்துக் கட்டிய பன்னீர் கார்டன்ஸ் குடியிருப்புக்குள், யாருடைய அனுமதியும் கேட்காமல் ஒரு நிழல் நுழைந்தது, மார்கழி முடிய இரண்டு நாள் இருக்கும்போது.

முதல் நாள் அது வெறும் கோடுகளாக இருந்தது. தார்ச்சாலையிலும் வீட்டுச் சுவர்களிலும் கார்களின் முதுகிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. அண்ணாந்து பார்த்தால் மேலே கம்பியும் இல்லை, கொடியும் இல்லை, கழுவிவிட்ட மாதிரி வெறும் வானம். கேபிள்காரன் வேலை என்று சிலர் சொன்னார்கள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கோமதிநாயகம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், பவுன்ராஜைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் இரண்டு நாள் கேமராப் பதிவையும் போட்டுப் பார்த்துவிட்டு, "கேட்டு வழியா வரலைங்க சார், ரெஜிஸ்டர்லயும் இல்ல" என்றான். ரெஜிஸ்டரில் இல்லாத ஒன்றை வெளியே அனுப்புவதற்கு விதி இல்லாததால் அது தங்கிவிட்டது.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கவாத்து வெட்டி, இலையெல்லாம் உருவி, மொட்டைக் கொடியாக நிறுத்தின திராட்சைப் பந்தலின் நிழல் அது. ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவன் எவனும் இல்லை.

நான் வீரணன். பதினேழாம் நம்பர் வீடு. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. இந்தக் குடியிருப்பு நிற்கிற நான்கு ஏக்கரும் எங்கள் அப்பனுடைய திராட்சைத் தோட்டம். அவர் செத்த பிறகு கிழக்கே இரண்டு ஏக்கர் என் அண்ணன் சுருளிவேலுக்கு, மேற்கே இரண்டு ஏக்கர் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். நிலத்தைப் பிரித்தோம், பந்தலைப் பிரிக்க முடியாது. கம்பிகள் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடி வரை ஒரே ஓட்டமாக ஓடும்; இரண்டு கோடியிலும் மண்ணுக்குள் ஆளுயரக் கல்லைப் புதைத்து, கம்பியை அதில் கட்டி, வெளிப்பக்கமாக இழுத்து நிறுத்தியிருக்கும். அதற்கு இழுவைக் கல் என்று பெயர். நடுவில் நிற்கிற தூணெல்லாம் சும்மா தாங்குவதற்குத்தான். பந்தல் நிற்பது இரண்டு பக்கமும் எதிரெதிராக இழுக்கிற கல்லால்தான். ஒரு பக்கத்துக் கல்லை எடுத்துவிட்டால் மறு பக்கத்துக் கல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பந்தல் தரைக்கு வந்துவிடும்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு சித்திரையில், சுருளிவேல் தன் பாதியை மனை போடுகிற கம்பெனிக்குக் கொடுத்தான். தன் காயை முன்கூட்டியே அறுத்துவிட்டான். என் பக்கம் அறுப்புக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அப்படி ஒரு காய்ப்பு அந்தப் பந்தலில் அதற்கு முன் நான் கண்டதில்லை. குனிந்துதான் நடக்க வேண்டும், நிமிர்ந்தால் குலை நெற்றியில் இடிக்கும். காலையில் நான் டவுனுக்குக் கூடை பிடிக்கப் போயிருந்த நேரத்தில் ஜேசிபி வந்து கிழக்குக் கற்களைப் பிடுங்கியது. திரும்பி வந்து பார்க்கிறேன், என் இரண்டு ஏக்கரும் தரையில் படுத்துக் கிடக்கிறது, மேலே ஈ மொய்க்கிறது.

"நான் அங்க இல்லடா, எனக்குத் தெரியாது, ஒரு வாரம் பொறுக்கச் சொல்லித்தான் சொல்லியிருந்தேன்" என்றான் சுருளிவேல். பொய் என்று அவன் மூஞ்சியே சொன்னது. தெரிந்துதான் செய்தேன் என்று அவன் வாயால் ஒரு சொல் சொல்லட்டும், அதற்குப் பிறகு பேசலாம் என்று நான் சொன்னேன். அவன் சொல்லவில்லை. நான் பேசவில்லை. விழுந்த பந்தலைத் தூக்கி நிறுத்தத் தெம்பில்லாமல் அடுத்த வருடம் என் பாதியையும் அதே கம்பெனிக்கு விட்டு, அதற்கு ஈடாக ஒரு வீடு வாங்கிக்கொண்டு, என் தோட்டம் இருந்த இடத்திலேயே நானும் என் மனைவி ஒச்சம்மாவும் மதிலுக்குள் குடிவந்தோம். சுருளிவேல் வெளியே ஊருக்குள் இருந்தான். அவ்வப்போது வாசலுக்கு வருவான். பவுன்ராஜ் இன்டர்காமில் கூப்பிட்டு, "ஐயா, உங்களைப் பார்க்கணும்னு சுருளிவேல்னு ஒருத்தர்" என்பான். "எனக்குத் தெரியாத ஆளு" என்று வைத்துவிடுவேன். மதில் கட்டின கம்பெனி எனக்குச் செய்த ஒரே நல்லது அந்த இன்டர்காம்தான்.

நிழல் தளிர் விட்டது. தையில் இலை பிடித்தது. குடியிருப்பில் வெயில் குறைந்து, மாடியில் காயப்போட்ட துணி காயாமல், கூரைமேல் இருந்த சோலார் தகடுகள் மின்சாரம் தராமல் போனதும் சங்கம் கூடியது. மூன்று மணி நேரம் பேசி, நிழல் என்பது நீச்சல்குளம், நடைபாதை போலப் பொதுச் சொத்து, அதில் எல்லா வீட்டுக்கும் சம உரிமை உண்டு, எந்த வீட்டுக்காரரும் தன் வாசலில் விழுகிற நிழலை மட்டும் தனக்கென்று சொல்லக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். வெயில் மிச்சமிருந்த கிழக்கு மூலையில் துணி காயப்போட வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று அட்டவணை ஒட்டினார்கள். அதன்பின் யாரும் ஆச்சரியப்படவில்லை. மாசியில் ஊரெல்லாம் வெயில் கொளுத்தியபோது எங்கள் மதிலுக்குள் ஏசி தேவைப்படவில்லை, கிணற்றில் தண்ணீர் ஏறியது, நாய்கள் சாலை நடுவில் படுத்துத் தூங்கின. ஒன்பதாம் நம்பர் ஷீலா டீச்சர், குமுளியிலிருந்து வந்தவர், வாசல் தெளித்து இலை நிழல்களுக்கு நடுவில் விழுகிற வெயில் பொட்டுகளை இணைத்துக் கோலம் போட ஆரம்பித்தார். அது பிடித்துப்போய் மற்ற வீட்டுப் பெண்களும் போட்டார்கள். பிஞ்சு வந்ததும் மைனாக்கள் வந்து தார்ச்சாலையைக் கொத்தின. எறும்புகள் சுவரில் விழுந்த குலை நிழலைச் சுற்றி வரிசை பிடித்தன.

மாசிக் கடைசியில்தான் நான் சரியாகப் பார்த்தேன். கிழக்குப் பாதியில் வெறும் இலை. மேற்குப் பாதியில் மட்டும் காய், அதுவும் நிமிர முடியாத காய்ப்பு. என் வீட்டுச் சுவரில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அது ஏதோ ஒரு பந்தலின் நிழல் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் விழுந்த அந்த மகசூல்தான், முதலிலிருந்து திரும்ப வளர்ந்து வருகிறது.

ஒச்சம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

"இந்தத் தடவையாவது அறுப்புவரைக்கும் நிக்கட்டும்" என்றாள்.

"எப்படி நிக்கும்? கிழக்க கல்லு இல்லையே" என்றேன்.

பங்குனியில் காய் திரள ஆரம்பித்ததும் நிழலுக்குக் கனம் வந்தது. நிழலுக்கு உயரம் உண்டு என்பதும் அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. கையை மேலே தூக்கினால் ஒரு இடத்தில் ஈரத்துணி பட்டதுபோல் சில்லென்று இருக்கும். அந்த இடம் நாளுக்கு நாள் கீழே வந்தது. வீட்டுக்குள் ஓடினாலும் தப்பவில்லை, ஏனென்றால் அந்தப் பந்தல் நின்ற காலத்தில் சுவர்கள் இல்லை, சுவர் என்ற ஒன்றை அது அறியாது. ஹாலிலும் சமையலறையிலும் அதே உயரத்தில் அதே கனத்தோடு தொங்கியது. இரவிலும் மேகம் போட்ட பகலிலும் அது இல்லை. வெயில் வந்தால் வந்துவிடும். உயரமான ஆட்கள் முதலில் குனிந்தார்கள். பிறகு எல்லோரும் குனிந்தார்கள். குனிந்து நடப்பதற்கும் சங்கம் ஒரு பயிற்சியாளரை வரவழைத்தது. ஒருநாள் காலை, இருபத்திரண்டாம் நம்பர் வீட்டுக் காரின் கூரை அப்பளம் நொறுங்குவதுபோல் அமுங்கியது. அன்றைக்குப் பதினோரு குடும்பங்கள் சாமான் கட்டிக்கொண்டு மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள். போக இடமில்லாதவர்கள் இருந்தார்கள்.

கம்பெனி என்ஜினீயர் வந்து இரும்புத் தூண் நட்டான். நிழல் தூணுக்குள் புகுந்து இறங்கியது. கான்கிரீட் கல்லைக் கிழக்கு மூலையில் இறக்கினான். நிழல் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுபிடித்தது பவுன்ராஜ்தான். கிளப் ஹவுஸுக்குப் பின்னால், மேற்கு இழுவைக் கல் இருந்த இடத்தில், நான் ஒருநாள் காலையில் கால் அகட்டி நின்று, பிடுங்கின கல்லையும் பிடுங்கினவனையும் நினைத்து வயிறு எரிந்து, மேற்கே பார்த்தபடி வெளிப்பக்கமாகச் சாய்ந்தேன். என் நிழல் நீண்டு போய்க் கம்பி நிழலில் மாட்டியது. தோளில் ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. மேற்குப் பக்கம் முழுவதும் ஒரு சாண் மேலே ஏறியது.

"ஐயா, அப்படியே நில்லுங்க!" என்று பவுன்ராஜ் ஓடி வந்தான். "என்ன நெனச்சீங்க இப்ப?"

"என் அண்ணனை நெனச்சேன்."

"நல்லபடியாவா?"

"அவன் நாசமாப் போகணும்னு."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு கிழக்குப் பக்கம் பார்த்தான். மேற்கு ஏறின அளவுக்குக் கிழக்கு தொய்ந்திருந்தது. "ஒத்தப் பக்கம் இழுத்தா பத்தாதுங்கய்யா. அந்தப் பக்கம் இழுக்கிறதுக்கு இதே மாதிரி ஒரு ஆளு வேணும். அந்த மனுசன் வாசல்லதான் மூணு நாளா உட்கார்ந்திருக்காரு."

கோமதிநாயகம் தவழ்ந்து வந்தார் என் வீட்டுக்கு. நிழல் அப்போது இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. "பெரியவரே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவர் உள்ளே வந்துருவாரு. முப்பத்தியொரு வீட்டுச் சனம் உங்க வாயைப் பார்த்துட்டுக் கிடக்கு."

"பன்னிரண்டடி மதில் கட்டினீங்களே, அது தாங்கட்டும்" என்றேன்.

"வேணும்னா சங்கமே அவரைக் கூப்பிடுதேன்."

"கூப்பிடுங்க. கம்பி புடிக்க நான் வரமாட்டேன்."

இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஒச்சம்மா கஞ்சிச் சட்டியைத் தரையோடு தரையாகத் தள்ளிக்கொண்டு, முழங்கால் தேய, மூச்சு வாங்க வந்தாள். மூட்டுவலிக்காரி. சட்டியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அன்னைக்கு விழுந்தது காய்மேலதான் விழுந்துச்சு. இன்னைக்கு என்மேல விழப்போவுது. மூத்தவரு மேல இருக்கிற கோவத்துல நீங்க என்னைய நசுக்கப் போறீங்களா?"

இன்டர்காமை எடுத்தேன். பவுன்ராஜ் விதிப்படி கேட்டான்: "வர்றவரு என்ன உறவுன்னு எழுதணுங்கய்யா." அண்ணன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பங்காளின்னு எழுது" என்றேன்.

சுருளிவேல் பத்து வருடத்தில் முதல் தடவையாக மதிலுக்குள் வந்தான். நெஞ்சுக்கூடு தெரிய ஒடிந்து போயிருந்தான். என்னைப் பார்க்கவில்லை, தவழ்ந்தபடி நேரே கிழக்கு மூலைக்கு, குழந்தைகளின் சறுக்குமரத்துக்குப் பக்கத்தில், கல் இருந்த இடத்துக்குப் போனான். பவுன்ராஜ் வாசலிலேயே விவரம் சொல்லியிருந்தான்; இடத்தை யாரும் காட்டவில்லை, அவனுக்கே தெரியும். நான் மேற்கே போனேன். இருவரும் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி நின்று, அவனவன் வயிற்றெரிச்சலை நினைத்து, வெளிப்பக்கமாகச் சாய்ந்தோம். கம்பி விண்ணென்று தெறித்தது. நாற்பத்திரண்டு வீட்டின் மேலும் நிழல் மடமடவென்று ஏறி, ஆளும் ஒரு கையும் உயரத்தில் போய் நின்றது. சனம் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெட்டி முறித்த சத்தம் மதிலுக்கு வெளியே கேட்டதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அதுவும் பழகிப்போனது. வெயில் ஏறும்போது நாங்கள் போய் நிற்போம், வெயில் இறங்கும்போது விடுவோம். உச்சி வேளையில் அவரவர் நிழல் அவரவர் காலடிக்குள் சுருங்குவதால் பந்தல் நெஞ்சு உயரத்துக்கு இறங்கும்; அந்த ஒரு மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எங்கள் இருவருக்கும் சங்கச் செலவில் நாற்காலி, மோர், குடை. குடை பிடித்தால் நிழல் மறைந்துவிடுகிறது என்று குடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு வாரத்தில் ஒரு சிக்கல் தெரிந்தது. மனிதன் எத்தனை நேரம் ஒரே கோபத்தை வைத்துக்கொண்டு நிற்பான்? காலையில் சூடாக இருக்கும், பதினோரு மணிக்கு எனக்குக் கால்வலிதான் நினைவுக்கு வரும். உடனே கம்பி தளரும். அதனால் செயலாளர் இரண்டு வாக்கிடாக்கி ஏற்பாடு செய்து, ஒன்றைச் சுருளிவேலின் கழுத்தில் மாட்டி, இன்னொன்றைப் பவுன்ராஜிடம் கொடுத்து என் பக்கத்தில் நிறுத்தினார். பந்தல் ஒரு விரல்கடை இறங்கினாலும் பவுன்ராஜ் பொத்தானை அமுக்குவான்.

"ஐயா ஏதாவது சொல்லுங்க, தொய்யுது."

"அவன்கிட்டச் சொல்லு. அவன் பொறந்ததுலேர்ந்து நட்ட தூணு ஒன்னாவது நேரா நின்னிருக்கான்னு கேளு."

கரகரவென்று பதில் வரும். "கோணத் தூண்தான் நின்னுச்சுன்னு சொல்லுப்பா. அவன் மருந்தடிக்க மயில்துத்தம் கலக்குனா இலையே கருகிப்போகும். ஒரு வருசம் நான் இல்லைன்னா தோட்டம் சுடுகாடு."

"சுடுகாடு ஆக்குனவன் நீதான்டா!"

கம்பி விண்ணென்று ஏறும். கீழே குழந்தைகள் கைதட்டும்.

சுற்றறிக்கை ஒன்று எல்லா வீட்டுக் கதவிலும் ஒட்டினார்கள். திராட்சை அறுப்பு முடியும்வரை மேற்படி சகோதரர்களைச் சமாதானப்படுத்தும் முயற்சியில் குடியிருப்போர் எவரும் ஈடுபட வேண்டாம் என்று அதில் இருந்ததாக ஒச்சம்மா எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னாள். காய் இறங்கிவிட்டால் பந்தல் கனமற்றுப் போகும், அப்புறம் எவரும் இழுக்க வேண்டாம், அதுவரைக்கும்தான். எல்லோரும் நாள் எண்ணினார்கள். ஷீலா டீச்சர் காலையில் ஜன்னலைத் திறந்து, "ஒச்சம்மாக்கா, அங்கிளுக்கு இன்னைக்கு நல்ல கோபம் இருக்கா?" என்று கேட்பார். "இருக்கு டீச்சர், கஞ்சியில உப்பு போடாமக் குடுத்திருக்கேன்" என்பாள் இவள். கோமதிநாயகம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மனசு வச்சு மனசு மாறாம இருக்கணும், பெரியவரே" என்று கெஞ்சுவார். பதினோரு வருடம் என் கோபத்தை ஒரு நாய்கூட மதித்ததில்லை. இப்போது அதற்கு மோர் கொடுத்து வளர்த்தார்கள்.

எனக்கோ அலுத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் வேண்டும். தினமும் விடிந்ததும் அதே கல்லை, அதே ஜேசிபியை, அதே ஈயை நெஞ்சுக்குள் தூக்கிப் போட்டுக்கொண்டு நிற்பது கல் உடைக்கிற வேலையைவிடக் கஷ்டம். இந்தக் காய் ஒரு தடவை அறுப்புவரை போகட்டும், அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஒன்றுதான் என்னை நிற்கவைத்தது. என் பக்கத்துக் குலைகள் சுவரில் கறுத்துக்கொண்டே வந்தன. அறுப்புக்கு இன்னும் நான்கு நாள்.

அன்று காலை, நல்ல வெயிலில், பவுன்ராஜ் கையிலிருந்த டப்பா தானாகக் கரகரத்தது.

"பவுன்ராசு, அதை அவன் காதுகிட்ட வையி."

"ஐயா, திட்டணும்னா நானே சொல்லிருவேன்."

"திட்டலப்பா. வையி."

வைத்தான்.

"வீரணா. நாந்தான்டா பேசுறேன். இன்னையோட அந்த நாளு வந்துருச்சுல்ல? அன்னைக்கு ஜேசிபிக்காரன் கேட்டான், 'பக்கத்துல காய் தொங்குதே, நாலு நாள் பொறுக்கவா'ன்னு. நான் அங்க இல்லைன்னு உங்கிட்டச் சொன்னேன்ல, அங்கதான்டா நின்னேன். 'புடுங்கு'ன்னு நாந்தான் சொன்னேன். உன் பக்கம் அப்படித் தொங்குச்சு, என்னால பார்க்க முடியல. வேற ஒரு காரணமும் இல்ல. தப்புடா தம்பி. தெரிஞ்சுதான் செஞ்சேன். இதுக்கு மேல இழுக்க என்கிட்டத் தெம்பு இல்ல."

பதினோரு வருடம் நான் கேட்ட சொல் அதுதான். கேட்டதும் ஆத்திரம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. உள்ளே எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது. கம்பி என் தோளைவிட்டு நழுவியது. எதிர்ப்பக்கம் அவன் முன்னமே விட்டிருந்தான்.

நிழல் விழ ஆரம்பித்தது. மெதுவாக இல்லை. தெருவில் நடந்தவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் படுத்தார்கள். எங்கோ கண்ணாடி நொறுங்கியது. ஒச்சம்மா மோர்ச்செம்போடு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தவள் பாதி வழியில் குப்புற விழுந்து, எழ முயன்று, முடியாமல், கன்னம் தாரில் பதியக் கிடந்தாள். "திட்டுங்க ஐயா, திட்டுங்க!" என்று தரையில் கிடந்தபடி பவுன்ராஜ் கத்தினான். ஜன்னல் ஜன்னலாக எல்லோரும் கத்தினார்கள். நான் திட்டினேன். அவன் அப்பனை, அதாவது என் அப்பனையே, திட்டினேன். மறு முனையில், "சொல்லுடா, சொல்லு, எனக்கு வேணும்" என்று அவன் அழுதான். குற்றத்தை ஒத்துக்கொண்டவனைத் திட்டி யாராலும் கோபப்படுத்த முடியாது.

அவனைக் கோபப்படுத்த என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அதை நான் இதுவரை சொல்லவில்லை. இங்கே மட்டுமில்லை, எங்குமே சொன்னதில்லை. நான்கு வருடத்துக்கு முன் எங்கள் அம்மா என் வீட்டில்தான் படுத்தாள், என் வீட்டில்தான் போனாள்.

பொத்தானை நானே அமுக்கினேன்.

"அண்ணே" என்றேன். அந்த வார்த்தை வாய்க்குள் கல்மாதிரி புரண்டது. "அம்மா சாவக் கெடந்தப்ப மூணு நாளு நீ வாசல்ல வந்து நின்னீல்ல?"

"ஆமா."

"அம்மா உன் மொகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லிருச்சுன்னு உங்கிட்டச் சொல்லச் சொன்னேன்ல?"

பதில் வருமுன் பொத்தானைத் திரும்ப அமுக்கினேன்.

"அம்மா அப்படிச் சொல்லலண்ணே. மூணு நாளும் உன் பேரத்தான் சொல்லுச்சு. 'சுருளி வந்துட்டானா, சுருளி வந்துட்டானா'ன்னு. நீ வாசல்ல நிக்கிறேன்னு பவுன்ராஜ் கூப்பிட்டான். அந்தப் பொய்யத்தான் அவன்கிட்டச் சொல்லி அனுப்புனேன். உள்ள வந்து அம்மாகிட்ட, 'ஆள் விட்டேன், வரமாட்டேன்னுட்டான்'னு சொன்னேன். அதைக் கேட்டுட்டுத்தான் அது போச்சு."

பவுன்ராஜ் தாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அந்த மூன்று நாளும் வாசலில் இருந்தது அவன்தான்.

பிறகு வாக்கிடாக்கியே தேவைப்படாமல், நாலு ஏக்கரைத் தாண்டி, முப்பத்தியொரு வீட்டுச் சனத்தைத் தாண்டி, ஒரு சத்தம் வந்தது. அது திட்டு இல்லை. மாடு அறுபடும்போது போடுகிற சத்தம் மாதிரி. அந்தச் சத்தத்தோடு சேர்ந்து கிழக்குப் பக்கம் இழுத்தது. நான் இழுபட்டுக் கீழே விழப்போய், காலை ஊன்றி, என் பங்குக்கு மேற்கே சாய்ந்தேன். அவனை நினைத்துச் சாயவில்லை. என்னை நினைத்துச் சாய்ந்தேன். அதுவும் இழுத்தது; அதுதான் நன்றாக இழுத்தது.

பந்தல் ஏறியது. இடுப்பைத் தாண்டி, தலையைத் தாண்டி, மாடிகளைத் தாண்டி ஏறி, எங்கள் அப்பன் காலத்தில்கூட நிற்காத உயரத்தில் போய் நின்றது; கம்பி பாடியது. அடுத்த நான்கு நாளும் அங்கிருந்து ஒரு விரல்கடை இறங்கவில்லை என்பதும், ஐந்தாம் நாள் காலை மேற்குச் சுவர்களில் குலை ஒன்றுகூட இல்லாமல் சுத்தமாக அறுத்த பந்தலாக இருந்தது என்பதும், சுருளிவேல் யாரிடமும் சொல்லாமல் வாசலைத் தாண்டிப் போனான் என்பதும் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் அந்தக் காலையில், சனம் தூசி தட்டிக்கொண்டு எழுந்து எங்களைப் பார்த்துக் கைதட்டியது. ஷீலா டீச்சர் மாடியிலிருந்து, "சூப்பர் அங்கிள்!" என்று கூவினார். கோமதிநாயகம் கும்பிட்டார். ஒச்சம்மா மெல்ல எழுந்து வந்து என் பின்னால் நின்றாள். மோர் எல்லாம் சாலையில் கொட்டியிருந்தது.

"நெசமா?" என்றாள்.

"நெசந்தான்."

"நான் பக்கத்துலதானே இருந்தேன். கெழவி கேட்கக் கேட்க நான்தானே வாயில தண்ணி விட்டேன். என்கிட்டயும் ஆள் விட்டேன்னுதானே சொன்னீங்க."

நான் காலை இன்னும் அகட்டி ஊன்றினேன்.

"என்னைப் பாருங்க" என்றாள்.

திரும்பினால் கம்பி தளர்ந்துவிடும். அறுப்புக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மேற்கே மலையைப் பார்த்தபடி, முன்பக்கமாகச் சாய்ந்து, திரும்பாமல் நின்றேன்.